ஒரு கண்மாய், ஆறு துறைகள்: சுற்றுச்சூழல் ஆய்வைச் சேர்ந்து செய்வது எப்படி?

கார்த்திகை மாதம். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். "கண்மாய் நிறைஞ்சிருச்சா?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தேன். நீரியல் படித்த நண்பர், மிகுதித் தண்ணீர் வழிந்தோடக் கட்டிய கலுங்கைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் கலுங்கு மட்டத்தைத் தொட்டுவிட்டது, நிறைந்தாயிற்று" என்றார். பறவைக் கணக்கெடுப்புக்கு வந்திருந்த பெண், "என் கணக்கில் போன வாரமே நிறைந்துவிட்டது. இதற்கு மேல் ஏறினால் கரையோரம் மேய்கிற உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை" என்றார். பொருளியல் ஆசிரியர், "மேலமடைக்காரர்களுக்கு நிறைந்துவிட்டது, கடைமடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்" என்றார். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் ஊர் நீர்பாய்ச்சி சிரித்தார். "கலுங்குக் கல்லுக்கு நடுவுல மண்ணு வச்சு இன்னும் அடைக்கவே இல்லையே சார். அதுக்குள்ள எப்படி நிறையும்?"

நாலு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் அந்த நாலு பதிலையும் 'கண்மாய் நிறைந்த நாள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதினால் அந்த அட்டவணை தப்பு. பல துறையினர் சேர்ந்து செய்யும் ஆய்வுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் 'பல்துறை ஆய்வு' என்ற பெயரில் நடப்பதில் பாதி பைண்டிங் வேலை. ஆறு பேர் ஆறு அத்தியாயம் எழுதுவார்கள், மூத்தவர் ஒருவர் முன்னுரை கொடுப்பார், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு ஒப்படைத்துவிடுவார்கள். மூன்றாம் அத்தியாயத்துக்காரர் ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்திருக்கவே மாட்டார். அப்படி ஆகாமல் இருக்க என்னென்ன வரிசையில் செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு கண்மாய். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39,000-க்கும் மேல் இருக்கின்றன, எந்தக் கல்லூரியிலிருந்து கிளம்பினாலும் அரை மணி நேரத்தில் ஒன்றைத் தொட்டுவிடலாம். கழிமுகத்துக்கும் காப்புக்காட்டுக்கும் நகரத்து ஏரிக்கும் விவரங்கள் மாறும், வரிசை அநேகமாக இதேதான்.

1. முதலில் கேள்வி, ஆட்கள் அப்புறம்

நிதி அறிவிப்பு வந்ததும் ஆட்களைத் திரட்டிவிட்டு, "இவ்வளவு பேர் இருக்கிறோமே, என்ன செய்யலாம்" என்று யோசிப்பது வழக்கம். அதைத் தலைகீழாக்குங்கள்.

"இந்தக் கண்மாயின் சூழலியல் நிலை" என்பது கேள்வியே இல்லை. அதற்கு யாரும் எதையும் எழுதலாம். "முன்பெல்லாம் மாசி வரை நின்ற தண்ணீர் இப்போது தை பிறக்கும் முன்பே ஏன் வற்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். காரணம், தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டதாக இருக்கலாம். தண்ணீர் நிற்கும் உள்வாயில் தூர், அதாவது வண்டல், ஏறியிருக்கலாம். மடை கசியலாம். கண்மாய்ப் பாசன நிலமான ஆயக்கட்டில் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் இறங்கி, கண்மாய் கீழ்நோக்கி உறிஞ்சப்படலாம். முன்பு போட்ட குறுகிய கால நெல்லை விட்டுவிட்டு வேறு பயிருக்கு ஊர் மாறியிருக்கலாம். நீர்பாய்ச்சி முறை நின்றுபோய், மடையைத் திறந்தவர் மூடாமல் போகலாம். ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு துறையின் வாசலில் நிற்கிறது. எது எவ்வளவு என்று ஒரு துறையால் மட்டும் சொல்ல முடியாது.

கேள்வி சரியானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள துறை ஒன்றை அடித்துவிடுங்கள். அப்போதும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்றால் அந்தத் துறை தேவையில்லை, மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறீர்கள்.

பாறு கழுகுகளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1990-களில் இந்தியா முழுக்க அவை கொத்துக்கொத்தாகச் செத்தன. 1992-ல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த கணக்கில் 2007-ல் ஒன்றுதான் மிச்சம். பறவையியலாளர்கள் அழிவை அளந்தார்கள். ஆனால் காரணம் பிடிபடவில்லை. தொற்றுநோய் என்ற சந்தேகம்தான் வெகுநாள் ஓடியது, பூச்சிக்கொல்லியையும் பார்த்தார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் வேலை செய்த குழு ஒன்று செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. நோயியல் அதுவரை கொண்டுவந்து விட்டது. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் போய், "மாட்டுக்கு என்னென்ன மருந்து விற்கிறீர்கள்?" என்று கேட்டுப் பட்டியல் எடுத்தார்கள். வாய்வழி உள்ளே போகக்கூடியது, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று சலித்தபோது டைக்ளோஃபெனாக் நின்றது. வலிக்காக மாட்டுக்குப் போடும் சாதாரண ஊசி மருந்து. 2004-ல் முடிவு வெளியானது. 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை இந்தியா தடை செய்தது, மாற்றாக மெலாக்சிகாம் வந்தது.

கடைக்காரரிடம் கேட்டுப் பட்டியல் எடுப்பது எந்தத் துறையின் வேலை? பறவையியலும் இல்லை, நோயியலும் இல்லை. "பறவை ஏன் சாகிறது?" என்ற கேள்வி "பறவை தின்ற மாடு எதைத் தின்றது?" என்று திரும்பியதால்தான் அந்தக் கடை வாசலுக்குப் போக முடிந்தது.

2. ஆறு பேர் போதும்

கண்மாய்க்கு நான் பரிந்துரைக்கும் குழு இது: நீரியல் ஒருவர், மண்ணியல் ஒருவர், தாவரமும் பறவையும் தெரிந்த ஒருவர், ஊர்ப் பொருளாதாரமோ சமூகவியலோ தெரிந்த ஒருவர், பழைய ஆவணமும் கல்வெட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர், அப்புறம் நீர்பாய்ச்சி. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்து ஏரி வாரியத்துக்கும் (ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழு) ஆறு பேர்தான். தற்செயல் என்றாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நீர்பாய்ச்சியைத் 'தகவலாளர்' என்று பின்னிணைப்பில் போடாதீர்கள். நாள்கூலிக் கணக்கில் சேர்த்தாலும் போதாது. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையில் போகும் என்று அவருக்குத் தெரிந்ததை அளந்தெடுக்க நீரியல்காரருக்கு இரண்டு பருவம் ஆகும். குழுவில் உறுப்பினர், மாதச் சம்பளம், அறிக்கையில் பெயர் என மூன்றும் அவருக்கு வேண்டும். நீர்பாய்ச்சி இல்லாத ஊர்களும் இப்போது நிறைய. அங்கே ஆடு மேய்க்கிறவர், மீன் குத்தகைக்காரர், விறகு பொறுக்கப் போகும் பெண்கள் ஆகியோரில் தினமும் கண்மாய்க்குள் கால் வைக்கிறவர் யார் என்று விசாரியுங்கள்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தைப் பற்றி 1979-ல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. எழுதியவர்கள் ஐந்து பேர்: தாவரவியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் என்று வேறு வேறு பின்னணி. 'காடு அழகானது, விட்டுவிடுங்கள்' என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த 120 மெகாவாட் யாருக்குத் தேவை, மலபாருக்கு மின்சாரம் வேறு எப்படிக் கிடைக்கும் என்று பொறியாளரையும் பொருளியலாளரையும் கொண்டே கணக்குப் போட்டார்கள். தாவரவியலாளர் மட்டும் எழுதியிருந்தால் மின்வாரியம் ஒரு வரியில் ஒதுக்கியிருக்கும். 1984-ல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆறு பேருக்கு மேல் ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அவர் பெரிய விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை. போன் எடுக்கிறவராக, பஸ் நேரம் தெரிந்தவராக, எல்லோருடைய நோட்டையும் வாங்கி வாசிக்கிறவராக இருந்தால் போதும். நான் செய்தது இந்த வேலைதான், அதனால் கொஞ்சம் பாரபட்சத்தோடு சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

3. சொற்களுக்கு ஒரு முழு நாள்

களப்பணி தொடங்கும் முன் ஒரு நாள் எல்லோரும் கரையில் உட்காருங்கள். அறையில் உட்கார்ந்தால் இது நடக்காது. எல்லோரும் பயன்படுத்தப்போகும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொருவரும் அதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்று சொல்ல வேண்டும்.

'நிறைவு' பற்றி மேலே பார்த்தோம். பழைய கலுங்குகளின் மேல் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மழை ஓயும் சமயத்தில் அவற்றுக்கிடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்தால் ஓர் அடிக்கு மேலேகூடத் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்தலாம். நீர்பாய்ச்சிக்கு அதுதான் நிறைவு. நாங்கள் கடைசியில் 'கலுங்கு மட்டம் தொட்ட நாள்', 'கலுங்கு அடைத்த நாள்', 'மறுகால் பாய்ந்த (கலுங்கு வழிந்த) நாள்' என்று மூன்று தனிக் கட்டங்கள் போட்டோம். 'நிறைவு' என்ற சொல்லையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

'தரிசு' என்றால் வருவாய்த் துறைக்கு ஒன்று. ஊருக்கு வேறு: இந்த வருடம் போடவில்லை, அவ்வளவுதான். பறவைக்காரருக்கோ அது ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் இடம். 'ஆழம்' என்பதை மண்ணியலாளர் தூருக்கு அடியிலிருக்கும் பழைய தரையிலிருந்து அளப்பார், மீன் குத்தகைக்காரர் தூருக்கு மேலிருந்து. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை உங்கள் படிவத்தில் எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரில் பாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும். 'உள்வாயில் பயிர் செய்யும் இடம்' என்று எழுதினால் அதே நிலத்தை அவர்களே காட்டிக்கொடுப்பார்கள்.

இந்த நாளின் முடிவில் இரண்டு பக்கச் சொற்பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும், அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் நீர்பாய்ச்சியால் திருத்த முடியாது. அவர் திருத்துவதற்காகத்தானே இந்த நாளே.

4. அனுமதி, பணம், பெயர்

அலுப்பான படி, ஆனால் தாண்ட முடியாது.

கண்மாய் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். சரணாலயமாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஊராட்சித் தலைவரையும் கண்மாய்க் கமிட்டிக்காரர்களையும் பார்க்காமல் கருவியை இறக்கினீர்கள் என்றால், எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் கருவி மறுநாள் அங்கே இருக்காது.

பணத்தில் ஒரே ஒரு ஆலோசனை: கடைசி ஆறு மாதத்துக்கான செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். சேகரித்ததை ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் வேலை அந்த ஆறு மாதத்தில்தான் நடக்கும். எல்லாத் திட்டத்திலும் பணம் தீர்ந்துபோவதும் அப்போதுதான்.

பெயர் விஷயத்தை முதல் வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். சில துறைகளில் முதல் பெயர்தான் பெரியது, சில துறைகளில் கடைசிப் பெயர், சிலவற்றில் அகர வரிசை. பேசாமல் விட்டால் இரண்டு வருட நட்பு ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். யார் யோசித்தார், யார் அளந்தார், யார் எழுதினார் என்று பங்களிப்பை 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் முறை ஒன்றைப் பல ஆய்விதழ்கள் இப்போது கடைப்பிடிக்கின்றன. அதைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

5. களத்துக்கு முன் காகிதம்

கண்மாய்க்கு ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 1880-களில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தின்போது ஆங்கிலேய அரசு ஒவ்வொரு ஏரிக்கும் கரை நீளம், கலுங்கு மட்டம், கொள்ளளவு, மடைகள் எல்லாம் குறித்து 'டேங்க் மெமாயர்' என்ற குறிப்பேட்டை எழுதியது. எல்லா ஏரிக்கும் கிடைக்காது. கிடைத்தால், இன்றைய அளவோடு வைத்துப் பார்க்க அதைவிட நல்ல தொடக்க அளவு கிடையாது.

அடுத்து, நிலங்களின் வகையும் பரப்பும் குறித்த வருவாய்த் துறையின் அ-பதிவேடு, நில அளவைப் படங்கள், அடங்கல். அடங்கலில் எந்த வருடம் எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதியிருப்பார். பொருளியல்காரருக்கு அது தங்கம். ஆனால் எழுதியதெல்லாம் வயலைப் பார்த்து எழுதியதுதானா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். போன வருடத்துப் பக்கத்தை அப்படியே நகலெடுத்த அடங்கலையும் நான் பார்த்திருக்கிறேன்.

மடைத்தூணிலும் குமிழித் தூம்பிலும் (பழைய கால மதகு) கல்வெட்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், சுண்ணாம்பு அடித்து மறைத்திருப்பார்கள். தூம்பு வைத்துக் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கும். அந்தத் தூம்பின் அடிமட்டம் இன்றைய தூரின் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால், கல்வெட்டுக்காரரின் கண்டுபிடிப்பு மண்ணியலாளருக்கு அளவுகோலாகிவிடும். துறைகள் சந்திப்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். தமிழாசிரியர் ஒருவரும் மண் ஆய்வாளர் ஒருவரும் முழங்கால் சேற்றில் நின்று, ஒரே தூணை, ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேடந்தாங்கலின் கதையும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. கொக்குகளின் எச்சம் கலந்த தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று அவர்கள் கேட்க, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவையியல், மண் வளம், சட்டம் மூன்றும் ஒரே தாளில் இருந்திருக்கின்றன.

6. ஒரே இடம், ஒரே நாள், ஒரே எண்

எங்கள் முதல் வருடம் வீணானது இந்தப் படியில். நீரியல்காரர் மார்கழியில் அளந்தார். பறவைக்காரர் ஜனவரி கடைசியில், வலசைப் பறவைகளின் கணக்கெடுப்பு நாளில் வந்தார். மண் மாதிரியைத் தண்ணீர் வற்றியதும் சித்திரையில் எடுத்தோம். ஊர் நேர்காணல்கள் கல்லூரி விடுமுறையில், மே மாதம். ஒவ்வொருவர் வேலையும் தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்து வைத்துப் பார்த்தால், தண்ணீர் எத்தனை அடி இருந்தபோது எத்தனை பறவை இருந்தது என்ற ஒரு சின்னக் கேள்விக்குக்கூடப் பதில் இல்லை.

இரண்டாம் வருடம் இப்படிச் செய்தோம். கண்மாயில் நாலு இடங்களைக் குறித்தோம்: வரத்துக்காலின் வாய், உள்வாயின் நடு, நடுமடை, கலுங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கல்லில் பெயிண்ட் அடித்தோம், ஜிபிஎஸ் புள்ளியும் குறித்தோம். மண், தண்ணீர், செடி, பறவை என்று யார் எதை அளந்தாலும் இந்த எண்ணோடுதான் எழுத வேண்டும். மழைமானியைப் பள்ளிக்கூட மொட்டை மாடியில் வைத்து, வானிலை ஆய்வு மையம் எடுக்கும் அதே காலை 8.30 மணிக்கு அளவெடுத்தோம். மடைத்தூணில் சென்டிமீட்டர் கோடு போட்டோம், அதே நேரத்தில் நீர்பாய்ச்சி அதை வாசித்து நோட்டில் எழுதினார். ஐப்பசி முதல் மாசி வரை இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆறு பேரும் கட்டாயம் கரையில் இருக்க வேண்டும். மழை பெய்தாலும்தான். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் அப்புறம் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்த எண்களை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். கண்மாயில் 50 ஹெக்டேருக்குத் தண்ணீர் பரந்து நிற்கிறது என்று வையுங்கள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் போவது 2,500 கன மீட்டர், அதாவது 25 லட்சம் லிட்டர். எல்லா மடையும் மூடியிருக்கும் ஒரு வாரத்தில், மழையும் வரத்தும் இல்லாதபோது, மடைத்தூணில் தினமும் 12 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால் மீதி 7 மில்லிமீட்டர் எங்கே போகிறது? மண் வழியாக இறங்கலாம், மடை கசியலாம். ராத்திரியில் யாரோ மடையைத் திறக்கலாம். முதலாவதை மண்ணியலாளரும் இரண்டாவதை நீரியல்காரரும் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதை நீர்பாய்ச்சி மட்டுமே சொல்ல முடியும், அதுவும் உங்கள் மேல் நம்பிக்கை வந்த பிறகு, டீ குடிக்கும்போது.

மண் மாதிரிக்கும் ஊர்க்காரர் வேண்டும். தூர் எந்த வேகத்தில் படிந்தது என்று பார்க்க, வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து விழுந்த கதிரியக்கப் பொருளான சீசியம்-137 எந்த அடுக்கில் அதிகம் என்று தேடும் முறை ஒன்று உண்டு. உச்சம் 1963-ஐக் காட்டும். ஆனால் கண்மாயில் விவசாயிகள் வண்டல் அள்ளுவார்கள். அள்ளிய குழியில் குழாயை இறக்கினால் 1963-ம் போன வருடமும் கலந்து கிடக்கும். எந்த இடத்தில் யாரும் மண் எடுத்ததில்லை என்பதை ஆய்வகம் சொல்லாது, வண்டி ஓட்டியவர் சொல்வார்.

7. செயற்கைக்கோளைக் கரையில் நின்று பாருங்கள்

லேண்ட்சாட் படங்கள் 1980-களின் நடுவிலிருந்து 30 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்) இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 முதல் சென்டினல்-2 வழியாக 10 மீட்டரில். நாற்பது வருடத்தில் தண்ணீர் எத்தனை மாதம் நின்றது என்று மேஜையிலிருந்தே பார்த்துவிடலாம். ஆசை வரும், வரட்டும்.

எங்கள் கண்மாய் ஒரு டிசம்பர் படத்தில் பாதி காய்ந்து, பச்சையாகக் கிடந்தது. நேரில் போனால் இடுப்பளவு தண்ணீர். மேலே முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு படர்ந்திருந்தது, படத்துக்கு இலைதான் தெரிந்தது. தாவரம் தெரிந்தவர் அந்தச் செடி எங்கெங்கே இருக்கிறது என்று நடந்து வரைந்து கொடுத்த பிறகே அந்தப் படங்கள் பயன்பட்டன. மேகம் மூடிய ஐப்பசிப் படங்களுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் தரவு வேண்டும், 2014 முதல் சென்டினல்-1 அதைத் தருகிறது. அதிலும் செடி குழப்பும்.

8. சண்டை வரும், வரட்டும்

சீமைக் கருவேலம் என்று சொல்லிப் பாருங்கள், குழு இரண்டாகும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது ஊருக்கு ஊர் பொக்லைன் வந்தது நினைவிருக்கும். நீரியல்காரர் வரத்துக்காலில் நிற்கும் மரத்தை எடுக்கச் சொல்வார், ஓட்டம் தடைபடுகிறது. பறவைக்காரர் உள்வாயில் நிற்பதை விடச் சொல்வார், கொக்கும் நாரையும் அதில் கூடு கட்டுகின்றன. பொருளியல்காரர் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களின் கணக்கோடு வருவார்.

இந்த இடத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம், தலைவர் தீர்ப்பும் வேண்டாம். எங்களுக்கு உதவிய வழி 'மாற்றி வாசிப்பு'. நீரியல் தரவைப் பறவைக்காரரும், பறவைத் தரவைப் பொருளியல்காரரும் எழுந்து விளக்க வேண்டும். உரியவர் நடுவில் குறுக்கிடக் கூடாது, முடிந்ததும் திருத்தலாம். முதல் தடவை கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை பறவைக்காரரே, "கூடு இருப்பதெல்லாம் இரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில், ஓட்டம் தடைபடுவது ஒன்றாம் எண்ணில். நாம் ஒரே மரத்துக்குச் சண்டை போடவில்லை" என்றார். எண் போட்ட கல் அங்கே கைகொடுத்தது.

எல்லாம் இப்படி முடியாது. முடியாதவற்றை அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்: இதில் குழுவுக்குள் இரண்டு கருத்து, காரணங்கள் இவை. நடுநிலையான ஒரு மழுப்பல் வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். அதைப் படிக்கிற அதிகாரி தமக்கு வேண்டியதை அதில் வாசித்துக்கொள்வார்.

9. முதலில் ஊரில் சொல்லுங்கள்

ஆய்விதழுக்கு முன், அரசுத் துறைக்கு முன், ஊரில். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினமும் ஒன்று. கண்மாய் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஸ்லைடு போட வேண்டாம். கண்மாயின் படத்தைப் பெரிய ஃபிளெக்ஸில் அச்சடித்துத் தரையில் விரியுங்கள். ஆட்கள் அதன் மேல் நடந்து, தங்கள் வயலைக் கண்டுபிடித்து, "இந்த மடை இங்க இல்ல, அங்க" என்று திருத்துவார்கள். எங்கள் படத்தில் மூன்று பிழைகளை அரை மணி நேரத்தில் பிடித்தார்கள். இரண்டு வருடத்தில் எங்கள் ஆறு பேருக்கும் தென்படாதவை.

ஒரு எச்சரிக்கை. யார் எந்த இடத்தில் பயிர் செய்கிறார், யார் ராத்திரி மடை திறக்கிறார் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும். ஃபிளெக்ஸில் அது வரக் கூடாது, திறந்த தரவுத் தளத்திலும் வரக் கூடாது. பறவைகள் கூடு வைக்கும் சரியான புள்ளிகளுக்கும் இதே விதி. எதைப் பொதுவில் வைப்பது என்பதைக் கண்மாய்க் கமிட்டியோடு உட்கார்ந்து, தாளில் எழுதி முடிவு செய்யுங்கள்.

10. கிளம்பும்போது

கருவிகளில் விலை உயர்ந்ததை எடுத்துக்கொண்டு போங்கள், மழைமானியையும் மடைத்தூண் கோட்டையும் விட்டுவிட்டுப் போங்கள். பெயிண்ட் இரண்டு வருடத்தில் உரியும். கோட்டை உளி வைத்துக் கொத்தியே விடலாம், அதற்கு அரசுத் துறையிடம் முன்பே கேட்டு வையுங்கள். சொற்பட்டியலின் ஒரு நகலும் நாலு எண்களின் படமும் ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கட்டும், சாவி யாரிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நீர்பாய்ச்சிக்கு இரண்டு குயர் நோட்டு நாலைந்து வாங்கிக் கொடுங்கள். தேதி, மணி, மடைத்தூண் அளவு, மழை என்று நாலு கட்டம் முன்கூட்டியே கோடு போட்டு வையுங்கள். போன ஐப்பசியில் நான் அந்தப் பக்கம் போனபோது அவர் ஐந்தாவதாக ஒரு கட்டத்தைத் தானே வரைந்திருந்தார். மேலே 'உள்ளான்' என்று எழுதி, கீழே தினமும் ஒரு எண்.